62 கிராம் ராஜா: செஸ் செட்டும் கடிகாரமும், ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

ராஜாவை நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். 62 கிராம். காலாள் 28 கிராம். பெட்டியில் 'மும்மடங்கு எடை' என்று போட்டிருந்தார்கள், எதன் மும்மடங்கு என்று எங்கும் இல்லை. அதனால்தான் களுவாஞ்சிக்குடியில் பழக்கமான கடைக்கு எடுத்துப் போனேன். செஸ் செட் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ராஜா எத்தனை கிராம்?

நான் கணித ஆசிரியர். வீடு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், பாடசாலை மேற்கே படுவான்கரையில். காலையில் குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளோடு பாதை ஏறி, வாவியைக் கடந்து மண்டூரில் இறங்குவேன். (வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பெயர் பாதை.) செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்ட பிறகு பதினொரு பிள்ளைகள் செஸ் விளையாட நிற்கிறார்கள். அவர்களுக்காக என் காசில் வாங்கியதுதான் இந்தச் செட். 34 காய்கள், சுருட்டி எடுக்கும் விரிப்பு, தோளில் போடும் பை, எல்லாம் சேர்த்து 8,500 ரூபா. டிஜிட்டல் கடிகாரம் தனியாக 13,000. ஆசிரியர் சம்பளத்தில் இது சின்னக் காசு இல்லை. அதனால் ஒன்றரை வருடம் பாவித்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

விற்பனையாளர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் சொல்லி கூரியரில் எடுத்தேன். 34 காய் என்றார்கள், வந்தது 33. கறுப்பின் மேலதிக ராணி இல்லை. மூன்று தரம் அழைத்த பிறகு மூன்றாவது கிழமை அனுப்பினார்கள். ஒரு ராணிக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கேட்டார் அங்கே பேசியவர். பிடிவாதம்தான். காலாள் கடைசிக் கட்டத்தை அடைந்து ராணியாகும்போது கையில் ராணி இல்லையென்றால், பிள்ளைகள் கோட்டையைத் தலைகீழாக வைத்து அதையே ராணி என்பார்கள். போட்டியில் அது செல்லாது. சர்வதேச விதிப்படி தலைகீழாக வைத்தாலும் கோட்டை கோட்டைதான். வெல்ல வேண்டிய ஆட்டம் அந்த ஒரு காரியத்தால் கைவிட்டுப் போகலாம். மேலதிக ராணி இல்லாத செட்டைப் போட்டிக்கென்று வாங்காதீர்கள்.

சரி, காய்களுக்கு வருகிறேன். ராஜாவின் உயரம் 9.5 சென்ரிமீற்றர். கட்டத்தின் பக்கம் 5.7. சர்வதேச செஸ் சம்மேளனம் சொல்லும் அளவும் இதுதான்: ராஜா 9.5 அளவில், கட்டம் 5இலிருந்து 6 சென்ரிமீற்றருக்குள். அளவுகோல் இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கட்டத்துக்குள் நான்கு காலாள்களை நெருக்கி வையுங்கள். நான்கும் சரியாக அடங்கினால் பலகையும் காயும் ஒன்றுக்கொன்று பொருத்தம். இதில் அடங்குகிறது.

எடை எதற்கு என்பது எனக்குப் புரிந்தது ஆடி மாதத்தில். எங்கள் வகுப்பறைகளுக்கு அரைச் சுவர்தான், கச்சான் காற்று நேராக உள்ளே வரும். முன்பு இருந்த வெறும் பிளாஸ்டிக் காய்கள் அந்த மாதங்களில் நிற்கவே நிற்காது. குதிரை விழும், அதை எடுக்கப் போன கை மந்திரியைத் தட்டும், அப்புறம் "எது எங்கே நின்றது?" என்று சண்டை. இந்தச் செட்டின் காய்களுக்குள் அடியில் இரும்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு கச்சான் பருவம் கண்டாயிற்று, காற்றுக்கு ஒரு காய் விழவில்லை. நேரம் குறைந்து கை பதறும்போதும் அப்படித்தான். தட்டினால் ஆடிவிட்டு நிமிர்ந்து நிற்கிறது.

குறைகளும் உண்டு. குதிரையின் பிடரியில் அச்சு இணைந்த கோடு தெரிகிறது, விரலில் உரசும். நான் அரத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரு நாள் பாதையில் வரும்போது அலை அடித்துப் பை நனைந்தது. வாவித் தண்ணீர் உப்பு. அடியில் ஒட்டிய பச்சைத் துணி ஆறு காய்களில் கழன்று வந்துவிட்டது, பசை போட்டு ஒட்டினேன். பையின் சிப் இப்போது துருப்பிடித்து இறுகிப்போய்விட்டது. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற எங்கள் ஊருக்கு உலோகச் சிப் சரிப்படாது. விரிப்பு, வந்த புதிதில் ஓரங்கள் சுருண்டு நிமிர்ந்தே நின்றது. இரண்டு இரவு நெல் மூட்டைக்கு அடியில் வைத்தேன், தட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை. பச்சையும் மங்கிய வெள்ளையுமான கட்டங்கள், வெளிச்சம் பட்டாலும் கண் கூசுவதில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இவ்வளவும் எந்தச் செட்டைப் பற்றியும் எழுதக் கூடியதுதான். இந்தச் செட்டுக்காக நான் செலவழித்த காசுக்கு விடை கிடைத்தது ஒரே ஒரு ஆட்டத்தில். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் மாணவி ஒருத்தி இருக்கிறாள். பத்தாம் ஆண்டு. தகப்பன் வயல் செய்கிறார். அவள் கறுப்புக் காயில் விளையாடுவது டிராகன், அதாவது சிசிலியன் தற்காப்பின் ஒரு கிளை. (பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் உண்டு: வெள்ளைப் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலம் ஏ முதல் எச் வரை கோடுகள், கீழிருந்து மேலே 1 முதல் 8 வரை வரிசைகள்.) வெள்ளை தன் ராஜாவுக்கு முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் தள்ளினால், கறுப்பு காலாளை சி5இல் வைக்கும். பிறகு டி6, ஜி6, மந்திரி ஜி7இல் போய் உட்காரும். கறுப்பின் காலாள்கள் நிற்கும் வளைவு டிராகோ நட்சத்திரக் கூட்டத்தைப் போல இருப்பதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். தற்காப்பு என்று பெயர்தானே தவிர, இது ஒதுங்கி நிற்கும் விளையாட்டு இல்லை. வெள்ளை ராஜா ராணிப் பக்கத்தில் கோட்டை கட்டும் (ராஜாவும் கோட்டையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறி, ராஜா ஓரமாக ஒதுங்குவது), கறுப்பு ராஜா மறுபக்கத்தில். வெள்ளை எச் காலாளைத் தள்ளிக் கறுப்பு ராஜாவின் கதவை உடைக்க வரும். கறுப்பு சி கோட்டில் கோட்டையை இறக்கி வெள்ளை ராஜாவைத் தேடிப் போகும். யார் ஒரு நகர்த்தல் முந்துகிறார்களோ அவர்களுக்கு ஆட்டம். ஒரு நகர்த்தலை வீணாக்கினால் திருத்திக்கொள்ள இடம் கிடைக்காது.

பிள்ளைகளுக்கு இது வேண்டாம், அமைதியான தற்காப்பு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிடித்தது இது. 1995இல் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தில் நடந்த உலக சம்பியன் போட்டியில், நம்முடைய ஆனந்துக்கு எதிராக கஸ்பரோவ் எடுத்த ஆயுதமும் இதுதான். முதல் எட்டு ஆட்டமும் சமன். ஒன்பதாவதை ஆனந்த் வென்றார், பத்தாவதை கஸ்பரோவ் வென்றார், பதினோராவதில் கஸ்பரோவ் டிராகன் போட்டு வென்று முன்னுக்குப் போனார். அந்த வயதில் பத்திரிகையில் அந்த முடிவைப் பார்த்து நான் சாப்பிடாமல் இருந்தேன். டிராகன் மேல் எனக்குள்ள மரியாதை அந்தக் கோபத்தில் தொடங்கியது.

பிள்ளை டிராகனைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் பக்கத்தில் ஒரு கோடு ஏறி இறங்கும், யார் பக்கம் சாய்கிறது என்று காட்டும். அவள் கண் அந்தக் கோட்டிலேயே இருந்தது. பன்னிரண்டு நகர்த்தல் மனப்பாடம், பதின்மூன்றாவது வந்தால் கை நிற்கும். செட் வந்த அன்று நான் கைப்பேசியை மேசைக்குள் வைத்துவிட்டு, 1974இல் மொஸ்கோவில் கார்ப்போவ் கோர்ச்னோயை வீழ்த்திய ஆட்டத்தை விரிப்பில் வைத்தேன். அன்றைய உலக சம்பியன் ஃபிஷருக்கு யார் சவால் விடுவது என்று முடிவு செய்த போட்டியின் இரண்டாவது ஆட்டம். கோர்ச்னோய் டிராகன். 27 நகர்த்தலில் முடிந்துவிட்டது. வெள்ளைக் காய்களை நான் நகர்த்தினேன், கறுப்பை அவள்.

பதினாறாவது நகர்த்தலில் அவள் கையை எடுத்துவிட்டாள். எச் காலாளைப் பலி கொடுத்து, கோட்டைக்கு வழி திறந்து, தாக்குதல் சூடாக இருக்கிற நேரத்தில் கார்ப்போவ் டி4 குதிரையைப் பின்னுக்கு, இ2க்கு எடுக்கிறார்.

"சேர், ஏன் இவர் குதிரையைப் பின்னுக்கு எடுத்தவர்?"

நான் சொல்லவில்லை. "குதிரையைத் திருப்பி டி4இல் வை. அவருக்குப் பதிலாக நீ வெள்ளை விளையாடு. என்ன செய்ய ஆசை?" என்றேன்.

"மந்திரியை எச்6க்கு."

"வை."

அவள் வைத்தாள். பெரிய பலகையில் காயை எடுத்து வைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். எழும்பி நின்று கறுப்புப் பக்கம் போய்ப் பார்த்தாள், பிறகு வெள்ளைப் பக்கம் வந்து பார்த்தாள். ஒரு பாடவேளை அளவுக்கு நேரம் போனது. மற்றப் பிள்ளைகளும் சுற்றி வந்து நின்றார்கள். கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். மந்திரி எச்6 போனால் கறுப்புக் குதிரை எஃப்6இலிருந்து பாய்ந்து இ4 காலாளை எடுக்கும். குதிரை விலகியதும் ஜி7 மந்திரிக்கு வழி திறந்து டி4 குதிரை மேல் அடி விழும். சி4இல் நிற்கும் கோட்டையும் அதே குதிரையைத்தான் பார்க்கிறது. வெள்ளை ராணி இ3க்கு ஒதுங்கினால், கோட்டை சி3 குதிரையை வெட்டும். கோட்டையைக் கொடுத்துக் குதிரையை எடுப்பது நட்டம்தான், ஆனால் அதை பி2 காலாளால் திருப்பி வெட்டும்போது வெள்ளை ராஜாவின் வேலி பிய்ந்துவிடும். குதிரை இ2இல் நின்றிருந்தால் அதுவே சி3இல் திருப்பி வெட்டும், வேலி அப்படியே இருக்கும். கார்ப்போவ் பின்னுக்குப் போனது அதற்காக. தாக்குவதற்கு முன் எதிராளியிடம் இருக்கிற ஒரே நல்ல அடியை எடுத்துவிட்டார்.

இதைக் கைப்பேசி ஒரு நொடியில் சொல்லியிருக்கும். சொல்லியிருந்தால் அவளுக்கு இது நினைவில் நின்றிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இனிக் கடிகாரம். செட்டை விட இதற்குக் கூடக் கொடுத்தது ஏன் என்று வீட்டிலும் கேட்டார்கள். பழைய முள்ளுக் கடிகாரத்தில் நேரம் போனால் போனதுதான். டிஜிட்டலில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி திரும்பக் கிடைக்கும்படி வைக்கலாம். இந்த யோசனை ஃபிஷருடையது, 1989இல் காப்புரிமை பெற்றார், 1992இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி விளையாடியபோது அந்த முறையில்தான் விளையாடினார்கள். ஐந்து விநாடி பெரிய காரியமா என்று நினைப்பீர்கள். 40 நகர்த்தலுக்கு 200 விநாடி, மூன்று நிமிடம் இருபது விநாடி. அதைவிட முக்கியம், வென்றுகொண்டிருக்கிற பிள்ளை நேரம் முடிந்ததற்காக மட்டும் தோற்பது குறையும். காயை வைக்க ஒரு கை அசைவுக்கு எப்போதும் நேரம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வகைக் கடிகாரங்களில் இரண்டு முறை உண்டு. ஒன்று விநாடியைக் கூட்டித் தரும். மற்றது கூட்டாது, ஒவ்வொரு தரமும் ஐந்து விநாடி காத்திருந்துவிட்டு ஓடத் தொடங்கும். குறிப்புப் புத்தகம் ஆங்கிலத்தில் மட்டும், எழுத்தோ எறும்பு அளவு. முதல் இரண்டு கிழமை நான் காத்திருக்கும் முறையில் வைத்துவிட்டுத்தான் பழக்கினேன். சரிபார்க்க வழி: நகர்த்திவிட்டு உடனே அழுத்துங்கள். உங்கள் பக்க எண் கூடியிருந்தால் சரி, அப்படியே இருந்தால் முறை வேறு.

பொத்தான் மென்மையானது, சத்தம் குறைவு. எண்கள் பெரிது, ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மங்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பென்டோர்ச் பற்றரியில் ஒன்பது மாதம் ஓடியது. பற்றரி மூடியின் பிளாஸ்டிக் நாக்கு மெல்லியது, இப்போது ஒட்டுப்பட்டி போட்டிருக்கிறேன். 13,000 ரூபாப் பொருளுக்கு அந்த மூடி போதாது.

காசுக்கு விடை கிடைத்தது என்று முன்பு சொன்னேனே, அந்த ஆட்டம் மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் நடந்த பாடசாலைப் பிள்ளைகளுக்கான போட்டியில். ஆளுக்கு 30 நிமிடம், நகர்த்தலுக்கு 5 விநாடி. செட்டும் கடிகாரமும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதிகாலை பஸ்ஸில் விரிப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு போனோம். நான்காவது சுற்றில் அவளுக்கு எதிரில் நகரத்துத் தம்பி ஒருவர், அதுவரை மூன்றும் வென்றவர். மேசையில் எங்கள் செட்தான். அவள் காய்களை அடுக்கும்போது ஒவ்வொரு காயையும் கட்டத்தின் நடுவில் திருப்பித் திருப்பி வைத்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கை நடுக்கம் அடங்க அவள் அப்படிச் செய்வாள்.

தம்பி ராஜாக் காலாளைத் தள்ளினார். டிராகன் வந்தது. பதினைந்து நகர்த்தலில், கோர்ச்னோய் ஆட்டத்தில் வந்த அதே நிலைக்கு இரண்டு பேரும் வேகமாக வந்து சேர்ந்தார்கள். எனக்குத் தொண்டை வரண்டுவிட்டது. தம்பி யோசிக்கவில்லை. மந்திரியை எச்6இல் வைத்தார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் வெளியாளிடம் யோசனை பெறக் கூடாது என்பது விதி, ஆனாலும் சின்னப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அவள் பலகையைத்தான் பார்த்தாள், ஏழு நிமிடம். தெரிந்த நகர்த்தலுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று உள்ளே எரிந்தேன். பிறகு கேட்டபோது சொன்னாள்: "தெரியும் சேர். ஆனா அண்டைக்கு வகுப்பில இருந்த மாதிரியே எல்லாக் காயும் நிக்குதா எண்டு ஒண்டொண்டாப் பார்த்தனான்." குதிரை இ4ஐ வெட்டியது. ராணி இ3க்குப் போனது. அவள் கோட்டையை எடுத்து சி3 குதிரை நின்ற இடத்தில் வைத்தாள். அந்த இரும்பு வைத்த அடி விரிப்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

வேலி உடைந்தது. கோட்டைக்குப் பதில் குதிரையும் இரண்டு காலாளும் அவளிடம். அதற்குப் பிறகு நடந்தது அழகான விளையாட்டு என்று சொல்லமாட்டேன். தம்பி கெட்டிக்காரர், எச் கோட்டில் இரண்டு கோட்டையையும் கொண்டுவந்து அவள் ராஜாவை மூச்சுவிட விடவில்லை. ஒரு இடத்தில் அவள் வென்றிருக்கலாம், தவறவிட்டாள். நேரம் 40 விநாடிக்கு வந்தது, பிறகு 11. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து விநாடி ஏறி, நான்கு இறங்கி, ஐந்து ஏறி, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ராணியால் செக், வெள்ளை ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு, மறுபடி செக், ராஜா திரும்பி வரும். செக் கொடுப்பதை விட்டால் அவள் ராஜாவுக்கு மேட், விடாவிட்டால் முடிவே இல்லை. ஒரே நிலை மூன்று தரம் வந்தால் சமன் கேட்கலாம். மூன்றாவது தரம் அதே நிலை வந்தபோது அவள் நடுப் பொத்தானை அழுத்திக் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, கையைத் தூக்கி மத்தியஸ்தரைக் கூப்பிட்டாள். அப்போது அவள் பக்கம் 9 விநாடி. தம்பி தலையாட்டி ஒப்புக்கொண்டார். சமன்.

நடுப் பொத்தானை அழுத்துவதை நாங்கள் வகுப்பில் தனியாகப் பழகியிருந்தோம். சொந்தக் கடிகாரம் இல்லாமல் அது நடந்திருக்காது. போட்டியில் முதல் தரமாகக் கடிகாரத்தைத் தொடுகிற பிள்ளைக்கு, நிறுத்தலாம் என்பதே தெரியாது. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கிக்கொண்டு இருக்கும்.

மண்டபத்துக்கு வெளியே, அந்தத் தம்பியும் அவளும் படிக்கட்டில் விரிப்பைப் போட்டு, முதலிலிருந்து எல்லா நகர்த்தலையும் எழுத்து இல்லாமலே திருப்பி வைத்தார்கள். தம்பி இ2 குதிரை எதற்கென்று கேட்டார். அவள் காட்டிக் கொடுத்தாள். நான் கச்சான் கடலை வாங்கிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன், இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு மிச்சம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வீட்டில் பொழுதுபோக்குக்கு என்றால் இவ்வளவு தேவையில்லை, கோயில் திருவிழாக் கடையில் கிடைக்கும் காந்தச் செட் பஸ்ஸுக்கும் நல்லது. ஆனால் அதில் டிராகன் படிக்காதீர்கள். கட்டம் சின்னது, காய்கள் நெருங்கி நிற்கும், ஜி7 மந்திரியின் நீண்ட வழி கண்ணில் படாது. காசு ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் செட், அடுத்த வருடம் கடிகாரம். போட்டிக்குப் போகிற பிள்ளை இருந்தால் மட்டும் மாற்றிச் சொல்வேன்: கடிகாரத்தை முதலில் எடுங்கள், காயை இரவல் வாங்கலாம். துணி ஒட்டாத காய் வாங்காதீர்கள். பையை மட்டும் ஊரில் தையல்காரரிடம் தைப்பியுங்கள், சிப் வேண்டாம், கயிறு போதும். எனக்கு எங்கள் ஊர்த் தையல்கார அக்கா பழைய குடைத் துணியில் ஒன்று தைத்துத் தந்தார். போன கிழமை பாதையில் மழை பிடித்தது, உள்ளே ஒரு துளி இறங்கவில்லை.